பந்தலூரில் ஒரு புதுமனை

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்குச் செல்லும் மலைப்பாதை ஐம்பது கிலோமீட்டர் நீளமுடையது. பைக்காராவைக் கடந்து, நடுவட்டத்தில் சற்று இளைப்பாறி, வளைவுகளில் சுழன்று சுழன்று பேருந்து ஏறத்தாழ நாலாயிரம் அடி கீழே இறங்குகிறது. சென்ற ஆண்டு அந்தப் பாதையில் நான் பயணம் செய்தபோது என் அருகில் எழுபத்திரண்டு வயதான என் அக்காள் அமர்ந்திருந்தாள். சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவுகளைக் கண்டதும், "இங்கேயும் நம்ம ஊர் மாதிரியேதான் இருக்கு" என்றாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எங்கள் தம்பி பந்தலூருக்கு அருகே சிறு வீடு ஒன்றைக் கட்டி முடித்திருந்தான். அதன் புதுமனைப் புகுவிழாவுக்காகவே அக்காள் இலங்கையிலிருந்து வந்திருந்தாள். நாங்கள் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. அந்த ஐம்பது ஆண்டுகளில் அவள் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பது அதுவே முதல் முறை.

நடுவட்டத்தில் பேருந்து நின்றபோது அக்காளுக்கு அவ்வூரின் கதையைச் சொன்னேன். காய்ச்சலுக்கு மருந்தாகிய கொய்னாவைத் தயாரிப்பதற்காக ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே சின்கோனா மரங்களை வளர்த்தனர். அந்தத் தோட்டவேலைக்குக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை ஈடுபடுத்தினர். அவர்களை அடைத்துவைத்த சிறைக்கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. பிறந்த மண்ணைப் பிரிந்து வந்து இந்த மலையில் மண்வெட்டி பிடித்தவர்களில் நாங்கள் முதல்வர் அல்லர். "அவங்க எல்லாம் திரும்பிப் போனாங்களா?" என்று அக்காள் கேட்டாள். எல்லாரும் போகவில்லை, சிலர் இங்கேயே குடும்பம் அமைத்துத் தங்கிவிட்டனர் என்றேன்.

எங்கள் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளைய தலைமுறையினரில் பலர் அதனை அறியமாட்டார்கள். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் வழியாகப் பிழைக்கச் சென்ற மக்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கிற்று. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974-இல் மீண்டும் ஓர் உடன்பாடு கண்டனர். கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடு பல இடங்களில் ஒரே அடுப்பங்கரையின் நடுவே சென்றது.

எங்கள் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அப்பா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அக்காளை மணமுடித்துக் கொடுத்த குடும்பத்தார் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தனர். பெண் புகுந்த வீட்டோடுதானே இருக்கவேண்டும்? அப்பாவுக்கு அனுமதி வந்த சமயம் மலையகத் தோட்டங்களில் உணவுப் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. 1973, 1974 ஆகிய ஆண்டுகளின் பசியை அனுபவித்தவர்கள் எவரும் மறக்கமாட்டார்கள். போவதா, இருப்பதா என்று எண்ணிப்பார்க்கவும் அன்று வயிறு இடந்தரவில்லை.

1974-இல் அட்டன் புகையிரத நிலையத்தில் கைக்குழந்தையோடு நின்று எங்களை வழியனுப்பினாள் அக்காள். எங்கள் மக்கள் புகையிரதத்தைக் 'கோச்சி' என்பார்கள். கோச்சி அசைந்தபோது மேடையில் நின்றவர்களும் பெட்டியில் இருந்தவர்களும் எழுப்பிய அழுகை ஒலியில் ஊதல் ஓசைகூடக் கேட்கவில்லை. எனக்கு அப்போது வயது பத்து, தம்பிக்கு ஏழு. வண்டி மடுவை நெருங்கியபோது அம்மா எங்களை எழுப்பி, மடுமாதாவின் ஆலயம் இருக்கும் திசையை நோக்கிச் சிலுவை அடையாளம் வரையச் செய்தாள். அவள் மடியில், துணியில் சுற்றிய மடுமாதா படம் ஒன்று இருந்தது. வேறு சாமான்களையெல்லாம் அப்பாவிடம் ஒப்படைத்தவள் அதை மட்டும் கையைவிட்டு இறக்கவேயில்லை.

தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' என்னும் கப்பல் எங்களை இராமேசுவரத்தில் கொண்டுவந்து சேர்த்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்துக்கே வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பாம்பன் பாலத்தின் வழியாக மண்டபம் முகாமுக்குச் சென்றோம். அந்த முகாமைக் கண்டதும் எங்கள் அப்பாயி, "இதே இடந்தான்! இங்கேதான் எனக்கு அம்மை குத்தினாங்க!" என்று கூவினாள். முதல் உலகப்போர் முடிந்த காலத்தில், எட்டு வயதுச் சிறுமியாக அவள் இலங்கைக்குச் சென்றபோதும் அதே முகாமில்தான் தங்கவைத்துச் சோதித்து அனுப்பியிருந்தார்கள். போகும்போது நோய்க்காகச் சோதித்த இடத்தில், திரும்பும்போது காகிதங்களுக்காகச் சோதித்தார்கள்.

அப்பாயியின் ஆசைக்காகப் புதுக்கோட்டைச் சீமையில் உள்ள அவளுடைய பிறந்த ஊருக்கு முதலில் சென்றோம். உறவினர்கள் முகம் கோணவில்லை. இருந்த கேழ்வரகைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆனால் அவர்களுக்கே நிலம் இல்லை, மழையும் இல்லை. அப்பாயி தேடிய வீடு இருந்த இடத்தில் ஒரு வேப்பமரம் மட்டும் நின்றது. ஒரு வாரம் அதன் நிழலில் அமர்ந்திருந்தாள். எட்டாம் நாள், "வா, உன் வேலை இருக்கிற எடத்துக்கே போவோம்" என்று அப்பாவிடம் அவளே சொல்லிவிட்டாள்.

வேலை இருந்த இடம் நீலகிரியின் மேற்குக் கோடி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968-இல் வனத்துறையின் வாயிலாகத் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தது. அதுவே பின்னர் எழுபதுகளின் நடுப்பகுதியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருவெடுத்தது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி முதலிய இடங்களில் காட்டைத் திருத்திக் குழி வெட்டிக் கன்று நட்டவர்களில் மிகப் பலர் எங்கள் மக்களே. ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா வந்து சேர்ந்தோர் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். சிலர் நூற்பாலைகளுக்குச் சென்றனர்; சிலர் கடன் பெற்றுச் சிறு கடை வைத்தனர்; தேயிலையை அறிந்தவர்கள் மலையேறினர்.

பந்தலூருக்குச் செல்லும் வழியில் தேவாலா என்னும் ஊர் இருக்கிறது. 1880-ஆம் ஆண்டையொட்டி இங்கே தங்கம் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு வெள்ளைக்காரர்கள் கூட்டங்கூட்டமாக வந்து பாறைகளைக் குடைந்தனர். சில ஆண்டுகளுக்குள் பணமெல்லாம் கரைந்து அவர்கள் திரும்பிவிட்டனர். பொன் தேடி வந்தவர்கள் போய்விட்டார்கள்; அடுப்புக்கு விறகு தேடி வந்த நாங்கள் தங்கிவிட்டோம்.

புதிய இடத்தில் குடும்பம் நடத்துவது எவ்வளவு சிறிய காரியங்களால் ஆனது என்பதை அந்த முதல் மழைக்காலத்தில்தான் கற்றுக்கொண்டோம். தமிழ்நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று அது. ஜூன் மாதம் தொடங்கினால் வெயிலைக் காண்பது அரிது. விறகு நனைந்துவிடும், வீடெங்கும் புகை. துணி உலராது. அம்மா அடுப்புக்கு மேலே பரண் கட்டி மறுநாளைக்குரிய விறகை முன்னிரவே உலர்த்திவைப்பாள். வரிசை வீட்டில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். வேலைக்குச் சென்று திரும்பினால் கால் முழுதும் அட்டைகள். அட்டைக்கு நாங்கள் புதியவர்கள் அல்லர், ஆனாலும் "இந்த ஊரு அட்டைக்கு நம்மள இன்னும் பழகல, அதான் இப்படிக் கடிக்குது" என்று அப்பா சொல்லிச் சிரிக்கவைப்பார்.

மொழி தமிழ்தான் என்றாலும் சொற்கள் எங்களைக் காட்டிக்கொடுத்தன. முதல் வாரம் கடைக்குச் சென்று, "ஒரு பாண் குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் விழித்தார். ரொட்டி என்றால்தான் அங்கே விளங்கும். எங்களுக்கோ ரொட்டி என்றால் கோதுமை மாவில் தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிச் சுடுவது! சவர்க்காரம் சோப்பு ஆயிற்று. நெருப்புப்பெட்டி தீப்பெட்டி ஆயிற்று. தேத்தண்ணீர் டீ ஆயிற்று. பள்ளியில் எனக்குச் 'சிலோன்' என்றே பெயர். இலங்கையில் இருந்தவரை எங்களை இந்தியாக்காரர் என்றார்கள்; இந்தியாவுக்கு வந்தபின் சிலோன்காரர் என்றார்கள். ஓர் ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு வேறோர் ஊரில் வாழ்வதே எங்கள் தலைவிதி போலும் என்று சிறுவனாகிய நான் எண்ணிக்கொள்வேன்.

அக்கம்பக்கத்தில் மலையாளம் பேசுவோர், கன்னடம் பேசுவோர், மலையின் முதுமக்களான பணியர், குறும்பர் எல்லாரும் இருந்தனர். அடுத்த மேட்டில் குடியிருந்த மலையாளத்து அம்மாள் ஒருவர், நாங்கள் வந்த மூன்றாம் நாள் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கையும் காந்தாரி மிளகாய்த் துவையலையும் வாழையிலையில் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குத் தமிழ் வராது. அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. அம்மா மறுநாள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தனுப்பினாள். ஒரு மாதத்திற்குள் இருவரும் திண்ணையில் அமர்ந்து மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த மொழியில் என்பது எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை!

அந்த முதல் மாதங்களில்தான் குடும்ப அட்டைக்கு எழுதிக்கொடுக்க அம்மாவோடு நானும் சென்றேன். அலுவலர் வயதானவர்; இரக்கமுள்ளவர். "குடும்பத்தில் எத்தனை பேர், அம்மா?" என்று கேட்டார்.

"ஆறு பேருங்க, ஐயா."

அவர் எங்கள் காகிதங்களைப் புரட்டினார். "இதிலே ஐந்து பெயர்தானே இருக்கிறது? நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், அவருடைய தாயார், இரண்டு பையன்கள்."

"மூத்த மக ஒருத்தி இருக்காங்க, ஐயா."

"எங்கே இருக்கிறாள்?"

"அட்டன்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் அட்டை. அரிசி சாப்பிடுகிறவர்களைத்தான் எழுதமுடியும்."

அம்மா வாதாடவில்லை. ஐந்து பெயர்களுடன் அட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றிரவு செபமாலை முடிந்ததும் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, "பென்சில்ல அடியில அக்கா பேரை எழுது" என்றாள். எழுதினேன். எழுத்தறியாத அம்மா அந்த வரியை விரலால் தடவிப்பார்த்துவிட்டு, அட்டையை மடுமாதா படத்தின் பின்னே செருகினாள். கடைக்காரர் அதனைக் கண்டபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

கன்று நட்ட தேயிலை கொழுந்து தர மூன்று நான்கு ஆண்டுகளாகும். குழி வெட்டியும் களை எடுத்தும் அம்மா அந்த ஆண்டுகளைக் கழித்தாள். முதன்முதலாகக் கொழுந்து பறித்த நாளில் கூடையோடு வீடு திரும்பியவள், "இன்னைக்குத்தான் கைக்குப் பழைய வேலை கிடைச்சுது" என்றாள். அன்றுதான் அவள் முகத்தில் இந்த ஊருக்குரிய அமைதியைக் கண்டேன். அப்பாயி அதற்கு முந்திய மார்கழியிலேயே கண்மூடிவிட்டாள். வேப்பமரத்தடியில் உறங்க விரும்பியவளைச் சில்வர் ஓக் மரத்தடியில் அடக்கம் செய்தோம்.

கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. அக்காளுக்கு மேலும் இரு குழந்தைகள் பிறந்தன. "கப்பல் இருக்கிறது, காசு சேர்ந்ததும் வருகிறேன்" என்று எழுதுவாள். 1983-இல் அங்கே கலவரம் மூண்டது. அதைத் தொடர்ந்து போர். தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று. கண்ணுக்கெட்டும் தொலைவிலிருந்த கடல் அன்றுமுதல் கடக்கமுடியாத கடலாயிற்று. அக்காளின் குடும்பத்தினருக்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகுதான் குடியுரிமை கைக்கு வந்தது. அதன்பின்னும் விமானச்சீட்டுக்குரிய பணம் தோட்டக் கூலியில் சேருவதாயில்லை. 1996-இல் அம்மா இறந்தாள். தந்தி மட்டுமே கடல் கடந்து சென்றது.

தேயிலைத் தோட்டத்தில் குடியிருப்போருக்கு ஒரு பெருங்கவலை உண்டு. அதனை வாசகர்கள் அறியவேண்டும். தொழிலாளருக்கு வீடு கொடுப்பதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கிற்று. ஆனால் அந்த வீடு வேலைக்குரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெறுகிறவர் பிள்ளைகளில் ஒருவரை வேலையில் சேர்த்தால்தான் கூரை நிலைக்கும். அம்மா ஓய்வு பெற்றபோது தம்பி அவள் இடத்தில் வேலையில் சேர்ந்தான். அவன் பிள்ளைகளோ கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் பிழைக்கிறார்கள். தம்பிக்கு ஓய்வு நெருங்கியபோது, அரை நூற்றாண்டு வாழ்ந்த இடத்தை விட்டு இனி எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. 2022-இல் கழகத்தின் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பகுதியை வனத்துறைக்குத் திருப்பியளிக்க அரசு முடிவெடுத்தபோது, இப்பகுதித் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கேள்விதான் எழுந்தது. கூடலூர்ப் பகுதியில் பட்டா உள்ள நிலம் கிடைப்பதும் எளிதன்று. தம்பி பதினோர் ஆண்டுகள் தேடினான். சேமிப்பையும் மனைவியின் நகையையும் வைத்து மூன்று சென்ட் நிலம் வாங்கினான்.

அந்த நிலத்தில் எழுந்த வீட்டு வாசலில்தான் சென்ற ஆண்டு அக்காள் வந்து இறங்கினாள். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து பந்தலூருக்கு ஒரு பகலும் ஓர் இரவும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்டார்கள் என்று கேட்டு அதில் வரவே முதலில் விரும்பினாள். ஆனால் தலைமன்னார்க் கப்பல் அது அன்று என்று அறிந்ததும் ஆசை விட்டுப்போயிற்று.

பங்குத்தந்தை வந்து செபித்து வீட்டை மந்திரித்தார். பால் காய்ந்தது. அடுத்த மேட்டு மலையாளத்து அம்மாளின் மகள், தன் தாயைப் போலவே, மரவள்ளிக் கிழங்கோடு வந்திருந்தாள். தம்பி மனைவி அக்காளுக்குத் தேநீர் கொடுத்தாள். அக்காள் ஒரு மிடறு அருந்திவிட்டு, "இது என்ன, சாயந்தான் இருக்கு, மணத்தைக் காணோமே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொன்னதில் பொருள் உண்டு. நீலகிரியில் பெரும்பாலும் இலையை நொறுக்கி மணிமணியாக ஆக்குகிறார்கள். அதில் நிறமும் திடமும் மிகுதி. இலங்கையில் பெரும்பாலும் இலையைச் சுருட்டி உலர்த்துகிறார்கள். அதில் மணம் மிகுதி. செடி ஒன்றே, பதப்படுத்தும் முறைதான் வேறு. அக்காளும் நாங்களும்கூட அப்படித்தான் ஆகிவிட்டோம் என்று தோன்றிற்று. அவள் பேச்சில் 'ஓம்' வந்தது. எங்கள் பேச்சில் 'ஆமாம்' வந்தது.

உணவுக்குப்பின் தம்பி மடுமாதா படத்தைப் புதுச் சுவரில் மாட்ட எடுத்தான். பின்பக்கம் செருகியிருந்த பழைய அட்டைகள் கீழே விழுந்தன. புது அட்டை வரும்போதெல்லாம் அம்மா பழையதை அங்கேயே வைத்திருந்தாள். 2017-இல் வந்த நெகிழி அட்டையில் பென்சிலால் எழுத இடமில்லை. அதற்கு முந்திய அட்டைகள் எழுத இடமுள்ளவை. அம்மா இருந்தவரை வாங்கிய ஒவ்வொன்றிலும் அடியில் ஒரே பெயர்.

அக்காள் ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் கண்ணருகே பிடித்துப் படித்தாள்.

"யார் எழுத்து இது?"

"என் எழுத்துத்தான் அக்கா. எழுதச் சொன்னது அம்மா."

அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சிறு பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள்: "எனக்கும் அரிசி குடுத்தாங்களா?"

"கடையில் கொடுக்கவில்லை, அக்கா. ஆனால் அம்மா உலையில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்."

உங்கள் பங்கிலும் எங்கிருந்தோ வந்து புதிதாகக் குடியேறிய குடும்பம் ஒன்று இருக்கும். அவர்கள் சொல்லும் சொல் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்கள் சமைப்பதன் மணம் புதிதாக இருக்கும். எத்தனை பேர் என்று கேட்டால் சில சமயம் வீட்டில் காண்பதைவிட ஒன்று கூட்டிச் சொல்வார்கள். அவர்களைத் திருத்தவேண்டாம். ஒரு வாழையிலையில் எதையேனும் வைத்து எடுத்துச்செல்லுங்கள்.

மறுநாள் காலை நான் கண்விழித்தபோது சமையற்கட்டில் தட்டும் ஓசை கேட்டது. அக்காள் கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில், தான் கொண்டுவந்த இலையைப் போட்டு வெறுந்தேத்தண்ணீர் காய்ச்சியிருந்தாள். புது வீட்டின் சுவர்களில் அதன் மணம் அன்றுதான் முதன்முதலாகப் படிந்தது.